சங்கிலியா, கூண்டா, கம்பி ஓட்டமா? தோட்டத்து நாயைப் பகலில் எங்கே வைப்பது

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நாய் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். எனக்கு அது ரொம்பத் தாமதமாக, பால் எடுக்க வந்த பையனின் கெண்டைக்காலில் எங்கள் மணி பல்லைப் பதித்த அன்றைக்குத்தான் வந்தது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். மணிக்கு வருடா வருடம் வெறிநாய்க்கடி ஊசி போட்டிருந்தோம் என்றாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில்தான் மணி கட்டியிருந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் ஆறடிச் சங்கிலி. அந்த ஆறடிக்கு மரத்தைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்து, ஒரு புல் இல்லாமல் குழிந்து கிடந்தது. சங்கிலி இழுத்துத் தண்ணிச் சட்டி கவிழ்ந்திருந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றினால் அடியில் முடி உதிர்ந்து தோல் கறுத்துத் தடித்திருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் சோறு வைக்கப் போன இடம் அது.

பகலெல்லாம் கட்டிப் போட்டு ராத்திரி அவிழ்த்து விடுவதுதான் நம் பக்கம் பழக்கம். "ஏனுங் மாப்ள, கட்டிப் போட்டாத்தானுங்க நாய்க்கு ரோசம் வரும்" என்பார் பக்கத்துத் தோட்டத்து மாமா. ரோசம் வருவது உண்மைதான். ஆனால் அதைக் காவல் என்று நினைப்பதுதான் தப்பு. பயந்த நாய் முதலில் விலகிப் போகத்தான் பார்க்கும், சங்கிலியில் கிடப்பதற்கு விலக வழியில்லை என்பதால் பாய்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994ல் வெளியான ஆய்வில், வாசலில் கட்டிப் போட்ட நாய்கள் கடித்த வரிசையில் இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு அதிகமாக இருந்தது. கடிக்கிற நாயைத்தானே கட்டுவார்கள் என்று வாதம் பண்ணலாம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மணி குட்டியில் யார் மடியிலும் ஏறிப் படுத்த நாய். அப்புறம், காற்றுக்கும் மயிலுக்கும் ஆளுக்கும் ஒரே மாதிரி குரைக்கிற நாயை வைத்துக்கொண்டு, வந்தது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சட்டமும் இதைப் பேசுகிறது: 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம்.

சரி, அவிழ்த்தே விட்டுவிடலாமா? நாய்க்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்லவே முடியாது. பட்டிக்குள் நாய்கள் புகுந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆடுகளைக் குதறிப் போட்டு, நட்டஈடு கேட்டு விவசாயிகள் போராடின ஊர்கள் இவை. அதெல்லாம் தெருநாய், நம் நாய் வயிறு நிறையத் தின்கிறது, அது போகாது என்று நினைக்க வேண்டாம். துரத்துவதற்குப் பசி தேவையில்லை, ஓடுகிற ஆட்டைப் பார்த்தாலே போதும், நாலு நாய் சேர்ந்துவிட்டால் சாதுவும் சேர்ந்து ஓடும். கிளுவை வேலியில் நாய் நுழையச் சந்து கிடைக்காத தோட்டம் எது? தாளவாடி, ஆனைமலை அடிவாரம் என்றால் ராத்திரி வெளியே விடுகிற பேச்சே வேண்டாம், சிறுத்தைக்கு நாய் லேசாகக் கிடைக்கிற இரை. சுற்றிலும் கம்பிவலை போட்டு, வாசலுக்குக் கதவும் வைத்த தோட்டம் என்றால் மட்டும் தாராளமாக விடுங்கள், அதைவிட நல்லது ஒன்றும் கிடையாது.

கூண்டு பணம் இருக்கிறவர்கள் செய்வது. ராத்திரிக்கோ, கோழிப் பண்ணையில் லாரி வந்து போகிற நேரத்துக்கோ நல்லதுதான். பகல் முழுக்க அடைக்கத் தகரக் கொட்டகை போட்டுவிடாதீர்கள். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும், சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அது எப்படி முடியும்? சுவர் விரிசலில் உண்ணி குடியேறிவிட்டால் நாய்மேல் மட்டும் மருந்து போட்டு ஒழிக்க முடியாது. படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாத பிராணி நாய். வேறு வழியில்லாமல் அங்கேயே போக வைத்துவிட்டால் அந்தச் சுத்தப் பழக்கமே போய்விடும்.

நான் கடைசியில் செய்தது கம்பி ஓட்டம். பந்தலுக்குப் போடுகிற கம்பிதான், வேம்புக்கும் கட்டுத்தரைக் கல்லுக்கும் இடையில் தலைக்கு மேல் முப்பதடி இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம், வளையத்திலிருந்து சுழல் கொக்கி வைத்த லேசான சங்கிலி. இரண்டு முனையிலும் கம்பியில் முடிச்சுப் போட்டுத் தடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் சுற்றிக்கொள்ளும். குட்டைச் சுவர் பக்கத்தில் கட்டவே கூடாது, எகிறிக் குதித்தால் தூக்குப் போட்ட மாதிரி தொங்கிவிடும். ஒரு முனையில் நிழல், தண்ணிச் சட்டியைச் சங்கிலி இழுத்துக் கவிழ்க்காத மாதிரி மண்ணில் பாதி புதைத்தது. செலவு அதிகமில்லை, அரை நாள் வேலை.

ஆனால் கம்பியும் கட்டுதான். காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் அவனைக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) பக்கம் நடக்க வைக்கிறேன், அவன் இஷ்டத்துக்கு மோந்து மோந்து வரட்டும் என்று அவசரப்படுத்துவதில்லை. அதோடு, உறுமினால் அடிப்பதை விட்டேன். முன்னாடியெல்லாம் உறுமினால் குச்சியால் ஒன்று போடுவோம். உறுமல் என்பது 'கிட்ட வராதே' என்று அது சொல்கிற பேச்சு. அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். பையனைக் கடித்த அன்றைக்கு மணி உறுமவே இல்லை. உடம்பு விறைத்து, உதட்டை ஒருதரம் நக்கி, கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தான். எனக்குத்தான் அப்போது அது புரியவில்லை.

இப்போது பால் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் வேகவைத்த கோழி ஈரல் துணுக்கு ஒன்றை அவன் முன்னால் போடுகிறேன். சத்தம் கிட்ட வர வர இன்னொன்று. மூன்று மாதம் ஆனது, இப்போது சத்தம் கேட்டதும் குரைப்பதை விட்டு என் கையைப் பார்க்கிறான். கழுத்தில் முடி முளைத்துவிட்டது. பையன் மட்டும் இன்னும் வண்டியைப் பத்தடி தள்ளித்தான் நிறுத்துகிறான், நான் கிட்ட வரச் சொல்வதில்லை.