சுரங்க லைட் ரயிலுக்கு ட்ரெய்ன்ஸா, ஓப்பன்பிவிஇயா?

கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் சொந்தமாக ஒரு பாதை போட உட்காரும் எல்லோரும் முதலில் பார்ப்பது படத்தின் அழகைத்தான். மரம், மலை, தண்ணீர், நிழல் எதில் நன்றாக வருகிறதோ அந்த மென்பொருளுக்குப் போய்விடுகிறோம். பாதையில் பாதிக்கு மேல் பூமிக்கடியில் ஓடப்போகிறது என்றால் இந்தக் கணக்கே தப்பு. கீழே இறங்கியதும் மிஞ்சுவது இரண்டு சுவர், ஒரு கூரை, வரிசையாக விளக்குகள். அந்த இருட்டில் ஓட்டுகிறவருக்கு ரயிலில் இருக்கும் உணர்வைத் தருவது வளைவும் சரிவும், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறையும் தாளமும்தான். அதனால் இங்கே ட்ரெய்ன்ஸ், ஓப்பன்பிவிஇ என்ற இரண்டு ரயில் சிமுலேட்டர்களையும் அந்த இருட்டுக்குள் வைத்து மட்டும் பார்க்கிறேன்.

இரண்டும் எதிரெதிர் துருவங்கள். 2001இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ட்ரெய்ன்ஸில் சர்வேயர் என்ற பகுதியைத் திறந்து, மவுஸால் தண்டவாளத்தை இழுத்துப் போடலாம், மண்ணை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஓப்பன்பிவிஇ இலவசம், திறமூலம். ஜப்பானில் உருவான பிவிஇ என்ற ரயில் சிமுலேட்டரின் வழியில் வந்தது. அதில் பாதை என்பது ஒரு எழுத்துக் கோப்பு: இத்தனையாவது மீட்டரில் இந்த ஆரத்தில் வளைவு, இத்தனையாவது மீட்டரில் இவ்வளவு சரிவு, இங்கே நிலையம் என்று வரிவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் நாள் பார்த்தால் ஓட்டம் பிடிக்கத் தோன்றும். (ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கை விட்டுவிட்டேன். அதில் தண்டவாள வடிவம் நன்றாகவே வரும், ஆனால் எடிட்டரோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.)

லைட் ரயில் என்பது டிராம் வழி வந்த இலகுரக நகர ரயில். அது சுரங்கத்தில் ஓடுகிறது என்றாலே இரண்டு விஷயம் வந்துவிடும். ஒன்று, தெருவிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவுப்பாதை. இன்னொன்று, மேலே பல கிளைகளாக ஓடும் வண்டிகள் கீழே ஒரே சுரங்கத்தில் சேர்வது. பாஸ்டனில் 1897இல் டிராம் வண்டிகளுக்காகத் திறந்த சுரங்கமும் சரி, சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவுக்கு அடியில் ஓடுவதும் சரி, இந்த மாதிரிதான். இந்த இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

முதலில் சரிவுப்பாதை. தெரு மட்டத்திலிருந்து தண்டவாளம் ஏழரை மீட்டர் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே மின்கம்பி, அதற்கு மேல் கூரைத் தளம், அதற்கு மேல் தெரு, எல்லாம் அடங்க அவ்வளவாவது வேண்டும். கனரக மெட்ரோ என்றால் ஆயிரத்துக்கு 30, 40 சரிவோடு (ஆயிரம் மீட்டர் போனால் 30, 40 மீட்டர் இறக்கம்) நிறுத்திக்கொள்வது வழக்கம். லைட் ரயிலுக்கு ஆயிரத்துக்கு 60 சாதாரணம். ஓப்பன்பிவிஇயில் பாதை 25 மீட்டர் துண்டுகளாகப் போகும். சரிவை எடுத்த எடுப்பில் 60 என்று எழுதினால் ரயில் பலகை மடிந்த மாதிரி சடாரென்று மூக்கைக் குத்தும். நான் எழுதுவது இப்படி: 20, 40, 60, 60, 60, 40, 20. ஏழு துண்டு, 175 மீட்டர். ஒவ்வொரு துண்டிலும் இறங்குவது அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று முறை ஒன்றரை மீட்டர், மறுபடி ஒன்று, அரை. கூட்டினால் சரியாக ஏழரை. பாதையைப் பார்ப்பதற்கான துணை மென்பொருளான ரூட் வியூவரில் எஃப்5 தட்டினால் புதுப் பாதை வந்து நிற்கும், பிடிக்கவில்லை என்றால் ஒரு எண்ணை மாற்றி மறுபடி எஃப்5. இந்த வேகத்துக்குப் பழகிவிட்டால் மவுஸ் பிடிக்கக் கை வராது.

அதே இறக்கத்தை ட்ரெய்ன்ஸில் செய்தால் தண்டவாளம் வழவழவென்று தானே வளைந்து இறங்கும், பார்க்க அழகுதான். ஆனால் தண்டவாளத்தைப் பிடித்து நகர்த்த நாம் வைக்கும் புள்ளிகளான முனைகளில், இரண்டு முனைக்கு நடுவே அது எஸ் வடிவில் இறங்குவதால், சராசரி 60 என்றால் நடுவில் அதைவிடச் செங்குத்தாக இருக்கும். இது தெரியாமல் போட்டுவிட்டு, வண்டி ஏன் இங்கே மட்டும் திணறுகிறது என்று யோசித்துக்கொண்டிருப்போம். அப்புறம் மண். பழைய வகை நிலப்பரப்பில் கட்டம் 10 மீட்டர் அல்லது 5 மீட்டர். சுரங்க வாயிலுக்குத் துளை போட்டால் அந்தக் கட்டத்தின் சதுர அளவில்தான் விழும். இரட்டைத் தண்டவாளச் சரிவுப்பாதை சுமார் 8 மீட்டர் அகலம், தெருவோ கட்டத்துக்குக் குறுக்காகச் சாய்ந்து போகிறது, அப்போது துளையின் பல் பல்லான ஓரங்களை மறைக்கச் சுவர், புல்தரை, கைப்பிடிச்சுவர் என்று ஏதாவது வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். ஓப்பன்பிவிஇயில் இந்தத் தலைவலியே இல்லை, ஏனென்றால் அதில் மண் என்று தனியாக எதுவும் கிடையாது. தரையும் நாம் வைக்கும் ஒரு பொருள்தான். வைக்காவிட்டால் பள்ளம்.

வளைவுக்கு வந்தால் ஓப்பன்பிவிஇ அடி வாங்கும் இடம் இது. 50 மீட்டர் ஆரத்தில் ஒரு திருப்பம், டிராம் வழி வந்த வண்டிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் 25 மீட்டர் நேர்த் துண்டை அந்த வளைவில் வைத்தால் நடுவில் உண்மையான வளைவிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகிவிடும். ரயில் வளைவில் போகும், தண்டவாளப் படம் ஒதுங்கி நிற்கும், சுவர்களுக்கு நடுவே ஓட்டை தெரியும். கோப்பின் தொடக்கத்திலேயே துண்டின் நீளத்தை 5 மீட்டராக மாற்றினால் விலகல் 6 சென்டிமீட்டருக்கு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. விலை என்னவென்றால் சுவர், கூரை, தண்டவாளம் எல்லாவற்றையும் 5 மீட்டர் அளவில் புதிதாகச் செய்ய வேண்டும். ட்ரெய்ன்ஸில் முனையைப் பிடித்து இழுத்தால் தண்டவாளமும் சுரங்கமும் சேர்ந்து வளையும், ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வளைவின் ஆரம் 50தானா 43ஆ என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த எண் தெரிந்தால்தான் வேக வரம்பு போட முடியும்: 50 மீட்டர் வளைவில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் பக்கவாட்டு முடுக்கம் கிட்டத்தட்ட 1 மீ/வி². நிற்கிற பயணி கம்பியைத் தேடுவார். 20இல் போனால் அது 0.6 சொச்சத்துக்கு இறங்கும். நான் 20 பலகைதான் வைப்பேன்.

வெளிச்சத்தில் ஓப்பன்பிவிஇ பக்கம்தான் நான். ஓட்டுநர் அறை எவ்வளவு மங்க வேண்டும் என்பதை 0 முதல் 255 வரை எண்ணால் இடத்துக்கு இடம் எழுதலாம். நடைமேடை நெருங்க நெருங்க அறை மெல்ல வெளுப்பதை ஒரே ஒரு முறை சரியாக அமைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு வேறெதுவும் திருப்தி தராது.

கிளைகள் சேரும் இடத்தில் கதை தலைகீழ். ஓப்பன்பிவிஇயின் அடித்தளமே ஒற்றைப் பாதை, பக்கத்துத் தண்டவாளம் பெரும்பாலும் வெறும் காட்சிப்பொருள். முன்னால் ஒரு வண்டியை இத்தனை வினாடி இடைவெளியில் ஓடவிட்டு, சிக்னலில் சிவப்பு வாங்கி நிற்கலாம், அவ்வளவுதான். மூன்று கிளையிலிருந்து வரும் வண்டிகள் சுரங்க வாயிலில் ஒன்றையொன்று காத்து நிற்பதும், ஒன்று தாமதமானால் பின்னால் எல்லாம் தேங்குவதும் பார்க்க வேண்டும் என்றால் ட்ரெய்ன்ஸ்தான். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி ஓட்டுநரும் கட்டளைப் பட்டியலும் உண்டு, சந்திப்பு, சிக்னல் எல்லாம் நிஜமாக வேலை செய்யும். சுரங்கத்தைவிட அந்த வாயிலில் வரும் நெரிசல்தான் இந்த வகை ரயிலின் உயிர் என்று நினைப்பவர் பணம் கொடுத்து ட்ரெய்ன்ஸ் வாங்குவதில் தப்பே இல்லை.

நான் இப்போது செய்வது, எண்களை எல்லாம் முதலில் ஓப்பன்பிவிஇயில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானித்துவிட்டு, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ட்ரெய்ன்ஸில் பாதையைப் போடுவது. சரிவுப்பாதைக்கு இரண்டு முனைக்குப் பதில் எட்டு முனை, 25 மீட்டருக்கு ஒன்று, உயரம் ஒவ்வொன்றுக்கும் கையால் தட்டச்சு. நடுவில் செங்குத்தாகும் தொல்லை அதோடு போய்விட்டது. வாயிலின் பல் ஓரங்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, இப்போதைக்கு ஒரு புதர் வைத்திருக்கிறேன்.