எம் மவுண்ட் வைட் லென்ஸ்: சோனியில் மாட்டுவதா, நிக்கான் இசட்டிலா?

புதுச்சேரி ஒயிட் டவுனில் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் 35 மி.மீ. லென்ஸில் பல வீட்டு முகப்புகள் முழுதாக அடங்குவதில்லை. 21 வேண்டும். அது சட்டைப்பையில் அடங்கவும் வேண்டும் என்றால் எம் மவுண்ட், அதாவது லைகாவின் மிரர் இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான லென்ஸ் பக்கம் போக வேண்டியதுதான். ஃபோக்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 21 எஃப்4, ஸைஸ் சி-பயோகான் 21 எஃப்4.5 இரண்டும் அந்த வகை. பயோகானில் தூண்களும் ஜன்னல் சட்டங்களும் கொஞ்சமும் வளையாது.

மாட்டுவதில் சிக்கல் இல்லை. எம் மவுண்ட்டின் ஃபிளாஞ்ச் தூரம் (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை) 27.8 மி.மீ., சோனி இ மவுண்ட்டுக்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16. மிச்சமுள்ள 9.8 அல்லது 11.8 மி.மீ.-ஐ அடாப்டர் நிரப்பிவிடும். பழைய திருகு மவுண்ட் லென்ஸ் என்றால் 1 மி.மீ. வளையம் ஒன்று கூடுதலாக வேண்டும். படத்தின் நடுப்பகுதி இரண்டு பாடியிலும் பளிச்சென்றுதான் இருக்கும். வித்தியாசம் மூலைகளில். என் ஓட்டு நிக்கான் இசட் 6-க்கு. அதற்குக் காரணம் மெகாபிக்சலோ மெனுவோ அல்ல, சென்சார் மேல் இருக்கும் கண்ணாடி.

சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி அடுக்கு ஒன்று உண்டு. சோனி முழு ஃபிரேம் பாடிகளில் அது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன், நிக்கான் இசட்டில் ஏறக்குறைய பாதி, லைகா எம்மில் அதைவிடவும் குறைவு. ஃபிலிமுக்கு முன்னால் எதுவும் கிடையாது, இந்த லென்ஸ்களை வடிவமைத்தது அந்தக் கணக்கில். எஸ்எல்ஆர் வைட் லென்ஸ் கண்ணாடிக்கு (மேலெழும்பும் மிரரைச் சொல்கிறேன்) இடம் விட்டுத் தள்ளி நிற்பதால் ஒளி சென்சாரில் ஓரளவு நேராக விழும். ரேஞ்ச்ஃபைண்டர் 21-இன் பின்பக்கமோ பாடிக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். மூலைக்குப் போகும் ஒளி 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்துதான் போகும்.

அந்தச் சாய்வில் 2 மி.மீ. கண்ணாடி என்ன செய்கிறது? நேராக வரும் ஒளியின் குவியத்தைச் சுமார் 0.7 மி.மீ. பின்னே தள்ளுகிறது. 45 டிகிரியில் வருவதை, ஆரத்திசைக் கோடுகளுக்குச் (நடுவிலிருந்து மூலை நோக்கி ஓடுபவை) சுமார் 1 மி.மீ.-உம், அதற்குக் குறுக்கான கோடுகளுக்குச் சுமார் 1.3 மி.மீ.-உம் தள்ளுகிறது. நடுவுக்கு ஃபோகஸ் வைத்தால் மூலை போய்விடும். மூலைக்கு வைத்தாலும் ஒரு திசைக் கோடு தெளிய, மறு திசைக் கோடு இழுவும். மூலையில் இருக்கும் வேப்பிலைகள் ஈரத்துணியால் துடைத்தது போல இருப்பது இதனால்தான். தடிமன் பாதியானால் இந்த எண்கள் எல்லாமே பாதியாகும்.

சோனி வைத்திருப்பவர்கள் சமாளிக்கும் வழிகள் தெரிந்தவைதான். எஃப்11-க்கு மூடி, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஃபோகஸ் வைப்பது ஒன்று. லென்ஸ் முன்னால் 5 மீட்டர் குவியத் தொலைவுள்ள மெல்லிய குவிலென்ஸ் ஒன்றை ஃபில்ட்டர் போல மாட்டுவது இன்னொன்று. புல வளைவு (நடுவும் மூலையும் வெவ்வேறு தூரத்தில் குவிவது) குறையும், ஆனால் இரு திசைக் கோடுகள் பிரிவது அப்படியே இருக்கும், அடாப்டரும் சற்றுக் குட்டையாக இருந்தால்தான் இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூர ஃபோகஸ், கிடைக்கும். சென்சார் கண்ணாடியையே மெல்லியதாக மாற்றித் தருகிறவர்களும் உண்டு. வாரண்டி போகும், சோனியின் சொந்த லென்ஸ்களின் மூலைகளும் கெடும். ஒரு லென்ஸுக்காக வீட்டையே இடித்துக் கட்டுகிற வேலை.

மூலைகளில் ஏறும் ஊதாச் சாயம் வேறு கதை. வெள்ளைச் சுவர்களை எடுக்கும்போது உடனே கண்ணில் படும், ஆனால் சரிசெய்துவிடலாம். பெயர்ப்பலகை செய்கிற கடையில் பால்நிற அக்ரிலிக் வெட்டுத்துண்டு கிடைக்கும். அதை லென்ஸ் முகத்தில் ஒட்டப் பிடித்து, அதே அபர்ச்சர், அதே ஃபோகஸில், வெளிச்சம் வெடிக்காமல் ஒரு படம் எடுத்துக்கொண்டால் லைட்ரூம் கிளாசிக்கின் ஃபிளாட்-ஃபீல்ட் கரெக்ஷன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 2013-இல் வந்த ஏ7ஆர் இந்தச் சாயத்துக்குப் பேர்போனது. பின்னொளி சென்சார் (பிஎஸ்ஐ; சாய்ந்து வரும் ஒளியை நன்றாக வாங்கும் வகை) உள்ள ஏ7 III-இலும் இசட் 6-இலும் குறைவு. இசட் 5 முதல் மாடல் மலிவு என்று பாய வேண்டாம், அதில் பின்னொளி சென்சார் இல்லை.

நிக்கானும் மந்திரக்கோல் அல்ல. 21 எஃப்4-இல் மூலைகள் அங்கேயும் மென்மைதான், எஃப்8-இல் அடங்கும். 1999-இல் வந்த திருகு மவுண்ட் ஹீலியார் 15 போன்றவற்றுக்கு இசட்டும் முழுத் தீர்வாகாது. 15 வேண்டுமென்றால் 2015-இல் டிஜிட்டலுக்கென்று மறுபடி வடிவமைத்த மூன்றாம் தலைமுறை ஹீலியாரை வாங்குங்கள். 247 கிராம், 58 மி.மீ. ஃபில்ட்டர், சோனியிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஃபினிட்டி தவறக்கூடாது என்று மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகவே கடைகிறார்கள். 0.05 மி.மீ. குறைந்தால் 21 மி.மீ. லென்ஸில் கடல் அடிவானம் லென்ஸின் தூர ஸ்கேலில் 9 மீட்டர் அருகிலேயே தெளிந்துவிடும், 50 மி.மீ. லென்ஸில் அதே பிழை 50 மீட்டரில்தான் காட்டும். பெரிய மார்க்கெட் நெரிசலில் எஃப்8, 1.9 மீட்டர் என்று ஸ்கேலை வைத்து, 0.95 முதல் இன்ஃபினிட்டி வரை தெளிவு என்று நம்பி எடுப்பவர் இங்கேதான் ஏமாறுவார். 24 மெகாபிக்சலில் கறாராகப் பார்த்தால் 2.7 மீட்டரில் வைப்பது நல்லது. பாடிக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்புக்கு 21 என்ற எண்ணையும் மெனுவில் கையால் பதிய வேண்டும். சோனியில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் மெனுவையும் திறந்து விடுங்கள்.

சோனியை விட மாட்டேன் என்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஃபோக்ட்லாண்டர் 21 எஃப்3.5-ஐ இ மவுண்ட்டிலேயே வாங்குவது. சோனியின் கண்ணாடியைக் கணக்கில் வைத்துச் செய்தது. ஃபோகஸ் வளையத்தைத் தொட்டால் படம் தானே பெரிதாகும், எக்ஸிஃப் (படத்தோடு சேரும் லென்ஸ், அபர்ச்சர் விவரம்) பதிவாகும். அவருக்கு இதுவே சரி. ஆனால் அது சோனியோடு கட்டிப்போட்ட லென்ஸ். எம் மவுண்ட் இன்று நிக்கானில், நாளை வேறொன்றில். லைகா எம் எல்லாவற்றுக்கும் மேல், விலையும் அப்படியே. உப்புக்காற்றும் பூஞ்சையும் எல்லாருக்கும் பொது: டிரை பாக்ஸில் ஈரப்பதம் 45 சதவீதம் அருகே.

வாங்கும் முன் கடற்கரைச் சாலையில் ஒரு சோதனை. மாலை 4 மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கேமராவைச் சாய்த்து, அடிவானக் கோடு மூலைக்கு மூலை ஓடும்படி எஃப்4 (பயோகானில் எஃப்4.5), எஃப்8, எஃப்11-இல் மூன்று படம் எடுங்கள். நடுவில் ஃபோகஸ், ஸ்கேலைப் பார்க்காமல் பெரிதாக்கிப் பார்த்து. ஒரு முனை மட்டும் மங்கினால் குறை லென்ஸின் அல்லது அடாப்டரின் சாய்வு. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். இரு முனையும் ஒரே மாதிரி இழுவினால் அது சென்சார் கண்ணாடி, அதற்குப் பாடியைத்தான் மாற்ற வேண்டும்.