கல்லாக் கணினியில் ‘ரிப்பேர்’ பொத்தான்: ஒரு பில்லிங் மென்பொருளின் நீண்டகால அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஃபீனிக்ஸ் பகுதியில் கடை திறக்கவிருக்கும் நண்பர் ஒருவர், அதே நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் மளிகைக் கடையில் ஓடும் பில்லிங் மென்பொருளைத் தானும் வாங்கலாமா என்று கேட்டார். பில்லிங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 15 விழுக்காடு வாட் விழும் பொருள்களையும் வரி விழாத அரிசி, பருப்பையும் ஒரே பில்லில் பிசகாமல் பிரித்துக் காட்டும். நான் சொல்ல வேண்டியது அதன் இன்ஸ்டாலரைப் பற்றி, அதாவது மென்பொருளைக் கணினியில் நிறுவவும் பழுது பார்க்கவும் உதவும் நிரலைப் பற்றி.

2023இல் லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பில் போடும்போதே மின்சாரம் போகும்; திரும்பி வந்ததும் மென்பொருள் திறக்காமல் முரண்டு பிடிக்கும். கல்லாவில் இருக்கும் தம்பி அட்மின் கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே ‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்துவார், ஒரு கறுப்புச் சாளரம் கண்சிமிட்டும் நேரம் தோன்றி மறையும், வியாபாரம் தொடரும். இந்த வசதிக்காகவே இதைப் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன்.

அந்தக் கறுப்புச் சாளரத்தில்தான் ஓட்டை இருந்தது. எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் கோப்பு வகையில் வரும் மென்பொருளை நிறுவும்போது, இன்ஸ்டாலரின் நகல் ஒன்றை விண்டோஸ் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பிறகு ரிப்பேரைத் தொடங்குபவர் சாதாரணப் பயனராகவே இருந்தாலும், அந்த வேலையின் ஒரு பகுதி அட்மினுக்கும் மேலான ‘சிஸ்டம்’ உரிமையோடு நடக்கிறது. அந்தப் பகுதியில் திரையில் தெரியும்படி ஒரு கட்டளைச் சாளரம் திறந்தால், அதை மூடவிடாமல் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர் கைக்குக் கணினி முழுவதும் போய்விடும். செக் கன்சல்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன இந்த ஓட்டையை, சிவிஇ-2024-38014 என்ற எண்ணில் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்), 2024 செப்டம்பர் 10 அன்று மைக்ரோசாஃப்ட் அடைத்தது. ஓட்டையின் ஆபத்தைக் குறிக்கும் தீவிர மதிப்பெண் 10க்கு 7.8. அதன் பிறகு ரிப்பேர் அழுத்தினால் அட்மின் அனுமதி கேட்கிறது.

கேட்பது நியாயமே. எனக்குப் பொறுக்காதது மென்பொருளை விற்றவர்கள் தந்த பதில்: கடை ஊழியர் எல்லாருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடச் சொன்னார்கள். வாடிக்கையாளர் பாக்கி, ஊழியர் சம்பளம், வங்கி விவரம் அனைத்தும் இருக்கும் கணினிக்கு இப்படி ஒரு யோசனை! சாளரம் தெரியாதபடி அந்தக் கட்டளையை ஓடவிடுவதும், ‘சிஸ்டம்’ உரிமை தேவையற்ற இடங்களில் பயனரின் சொந்த உரிமையோடு மட்டும் ஓடவிடுவதும் இன்ஸ்டாலர் எழுதுபவர்கள் அறிந்த வேலைகள்தாம். மின்சாரம் போனால் தரவுக் கோப்பு கெடாதபடி எழுதியிருந்தால் ரிப்பேருக்கே அவசியம் வந்திராது. அதையும் அவர்கள் தொடவில்லை.

மென்பொருளுக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஆனாலும் புதிய இன்ஸ்டாலர் வரும்வரை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். வாங்கியே தீர வேண்டுமென்றால், ஊழியருக்குச் சாதாரணக் கணக்கு மட்டும் கொடுத்து, ரிப்பேர் தேவைப்படும்போதெல்லாம் நண்பரே கல்லாவுக்குப் போய்க் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம் வரிசையில் நின்றாலும் அப்படித்தான்.