தோல் அட்டை, தங்க விளிம்பு, அப்டைக் கையெழுத்து: 35 டாலர்

பிலடெல்பியாவுக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை விடிந்தால் தெருமுனைகளில் எஸ்டேட் சேல் பலகைகள் முளைத்துவிடும். வீட்டுப் பெரியவர் காலமாகியிருப்பார், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். கரண்டி முதல் சோபா வரை எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். போன மாதம் அப்படி ஒரு வீட்டின் பேஸ்மென்டில், பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால், தோல் அட்டைப் புத்தகங்கள் பதினொன்று வரிசையாக நின்றன. எல்லாம் பிராங்க்ளின் லைப்ரரி என்ற பதிப்பகத்தின், ஆசிரியர் கையெழுத்திட்ட பதிப்புகள். ஒன்று 35 டாலர். நான் எடுத்தது அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக்கின் 'ராபிட் அட் ரெஸ்ட்', 1990.

பிராங்க்ளின் மின்ட் என்றால் இங்கே வயதானவர்களுக்கு நினைவுக்கு வருவது தபாலில் வரும் நினைவு நாணயங்களும் பீங்கான் தட்டுகளும்தான். அவர்களுடைய புத்தகப் பிரிவுதான் இந்த லைப்ரரி. சந்தா கட்டினால் சமகால நாவல்கள் தோல் அட்டையில், ஆசிரியர் கையெழுத்தோடு வீட்டுக்கு வரும். 2000 இல் கடையைக் கட்டிவிட்டார்கள். இப்போது கிடைப்பதெல்லாம் பழையதுதான்.

சரி, பொருள் எப்படி? கையில் எடுத்தால் கனம். முதுகில் மேடு மேடாகக் கட்டு, அதற்கிடையே தங்க எழுத்து. உள்ளட்டையில் நீரலை ஓடுவது போன்ற பட்டுத்துணி. மூன்று விளிம்பிலும் தங்கப்பூச்சு. பட்டு நாடா ஒன்று. மேஜையில் வைத்ததும் என் மனைவி, "என்னங்க, பைபிள் வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள்.

திறந்தபோதுதான் வேடிக்கை. தங்கப்பூச்சில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் மெல்லத் தள்ளத் தள்ள, சருகு உடைவது போலச் சின்னச் சின்ன சத்தத்தோடு பிரிந்தன. நாடா, அச்சகத்தில் மடித்து வைத்த அதே இடத்தில் கிடந்தது. அதை எடுத்தால் அடியில் நாடா அகலத்துக்குப் பழுப்புக் கோடு. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கவே இல்லை.

கையெழுத்துக்கு வருவோம். இதற்கு முன் ஆன்லைனில் ஒருவரிடம் 'ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி' என்று வேறொரு நாவல் வாங்கிச் சூடுபட்டவன் நான். வந்ததைப் பார்த்தால், கையெழுத்திட்ட ஒரு ஸ்டிக்கரை யாரோ வீட்டுப் பசை வைத்துக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். அதனால் இதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மையின் பளபளப்பு இருக்கிறது, கோடு அழுத்தமாகத் தொடங்கி மெலிந்து முடிகிறது, தாளின் பின்பக்கம் தடவினால் பேனா அழுத்தம் விரலில் படுகிறது. இயந்திரக் கையெழுத்தில் கோடு முழுக்க ஒரே தடிமனாக இருக்கும். இது கைதான்.

ஆனால் அந்தக் கை இந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. வெற்றுத் தாள்களைக் கட்டுக்கட்டாக ஆசிரியருக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கி, பைண்டிங்கின்போது சேர்த்துவிடுவது இந்த மாதிரிப் பதிப்புகளில் வழக்கம். அப்டைக்கே இதைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார். அவருடைய ஹென்றி பெக் என்ற எழுத்தாளர் பாத்திரம், 28,500 தாள்களில் கையெழுத்துப் போட ஒரு கரீபியத் தீவுக்குப் போய் உட்கார்ந்து, கடைசியில் தன் பெயரையே எழுதமுடியாமல் திணறும். அதைப் படித்துச் சிரித்தவனுக்கு இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

எனக்குள்ள பெரிய மனக்குறை எண்ணிக்கைதான். 'லிமிடெட் எடிஷன்' என்கிறார்கள், எத்தனை பிரதி என்று எங்கும் இல்லை. சந்தாக்காரர் எத்தனை பேரோ அத்தனை பிரதி என்றால் அது என்ன வரம்பு? இதே நாயகனை வைத்து 1981 இல் வந்த முந்தைய ராபிட் நாவலுக்கு க்னாஃப் பதிப்பகம் 350 பிரதிகள் மட்டும் எண் போட்டு, கையெழுத்தோடு வெளியிட்டது. வரம்பு என்றால் அது. பிராங்க்ளின் பதிப்புகள் இன்றும் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் வேறு தேடவேண்டியதில்லை. பிள்ளைகள் காலேஜ் செலவுக்கு உதவும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். காசுக்காகச் சேர்ப்பவர்கள், கடைக்கு வந்த சாதாரண முதல் பதிப்பில், மேலுறை கிழியாமல், தலைப்புப் பக்கத்திலேயே ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிரதியைத் தேடுங்கள். இருந்தாலும் இதில் உள்ள ஒன்று கடைப்பிரதியில் இல்லை. சந்தாக்காரர்களுக்கென்றே அப்டைக் எழுதிய சிறு முன்னுரை. எனக்கு அதற்கே பாதிக் காசு ஈடாகிவிட்டது.

இன்னொரு சங்கடம், இதைப் படிக்கமுடியாது. ஐந்நூறு பக்கத்தை மீறிய தடிமன், முழுக்க விரித்தால் முதுகு முனகுகிறது, விரல் ஈரம் தோலில் பட்டால் எனக்கு மனசு கேட்கவில்லை. கதாநாயகன் ஹாரி டொயோட்டா விற்றுப் பணம் பார்த்து, ஃபுளோரிடாவில் உட்கார்ந்து கொறித்தே இதயத்தைக் கெடுத்துக்கொள்பவன். நான் என் கொரோலாவை சர்வீஸுக்கு விட்டுக் காத்திருக்கும் நேரத்தில்தான் படிக்கிறேன். அங்கே தோல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? ஆறு டாலருக்கு ஒரு பேப்பர்பேக் தனியாக வாங்கினேன்.

நாற்பது டாலருக்குள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் நடையைக் கட்டுங்கள். வாங்கினால் ஜன்னல் வெயில் படாத அலமாரியில் வையுங்கள், முதுகின் நிறம் வெளுத்துவிடும்.

இந்த விற்பனைகளில் கடைசி நாள் பாதி விலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீதி பத்தையும் பேரம் பேசலாம் என்று மறுபடி போனேன். வரவேற்பறை அழகுக்கென்று யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். கிறிஸ்துமஸ் மரம் மட்டும் அங்கேயே நின்றது.