தென்னை நார் உருளையும் நார் விரிப்பும்: ஓடைக்கரைக்கு வாங்குமுன்

அரிக்கும் ஓடைக்கரையில் கல்லும் கான்கிரீட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துத் தேடும் பொருள் பெரும்பாலும் தென்னை நார்தான். சந்தையில் அது இரண்டு வடிவில் கிடைக்கிறது. ஒன்று, கரைச்சரிவின் மேல் விரிக்கும் நெய்த விரிப்பு. மற்றொன்று, தண்ணீர் கரையைத் தொடும் விளிம்பில் நீளவாக்கில் கிடத்தும் உருளை. ‘காயர் லாக்’ என்று கேட்டால் தருவார்கள். இரண்டுமே நல்ல பொருள்கள். தவறான இடத்தில் போடப்பட்டு, முதல் வெள்ளத்திலேயே பெயர்ந்துபோய்க் கெட்ட பெயர் வாங்குவதும் இவையே.

மட்கிப்போவதுதான் இதன் பெரிய சிறப்பு. ஆனால் மெதுவாகவே மட்கும். எளிதில் சிதையாத மரப்பொருளான லிக்னின் தேங்காய் நாரில் மிகுதி. அதனால் சணல் ஓராண்டைத் தாண்டத் திணறும் இடத்தில் நார் 2 முதல் 5 ஆண்டு வரை தாங்கும். கோரையும் நாணலும் நட்ட போத்துகளும் வேரோடிக் கரையைப் பிடித்துக்கொள்ள அந்தக் காலம் போதும். வேர் பிடிக்கும் வரை மண்ணை நிறுத்தி வைப்பது மட்டுமே நாரின் வேலை. எனவே செடி நடும் திட்டமும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத இடத்தில் இதை வாங்க வேண்டாம்.

விரிப்பு 400, 700, 900 ஜிஎஸ்எம் என மூன்று எடைகளில் வரும்; ஒரு சதுர மீட்டர் விரிப்பு இத்தனை கிராம் என்று பொருள். 400 கண் அகலமானது. வெள்ளம் அரிதாகவே ஏறும் மேல்சரிவுக்கு அது போதும், புல் விதையும் எளிதில் முளைத்து மேலே வரும். 900 நெருக்கமான நெசவு. மண்ணை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இளம் முளைகள் அதை ஊடுருவத் திணறும். அங்கே விதையை நம்பாமல் நாற்றாக நடுவது நல்லது. நடும்போது புரியை அறுக்காமல் விரலால் விலக்கி நட வேண்டும். அறுத்த கண் வெள்ளத்தில் கிழிந்து விரியும். பெரும்பாலான கரைகளுக்கு 700தான் எங்கள் தேர்வு.

உருளையில் ஏமாற வாய்ப்பு அதிகம். 30, 40, 50 சென்டிமீட்டர் விட்டத்திலும் பொதுவாக 3 மீட்டர் நீளத்திலும் விற்கிறார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், வேறுபாடு அடர்த்தியில். ஓடும் நீருக்கு ஒரு கன மீட்டருக்கு 110 முதல் 145 கிலோ அடர்த்தி வேண்டும். அந்தக் கணக்கில் 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள காய்ந்த உருளை 23 முதல் 31 கிலோ எடை இருக்க வேண்டும். தராசில் 15 கிலோ காட்டினால் அது குளக்கரைக்கு ஆகும், ஓடைக்கு ஆகாது. வந்த சுமையில் ஒன்றைப் பிரித்தும் பாருங்கள். நீண்ட நாருக்குப் பதில் பழுப்புத் தூள் கொட்டினால் நார்த்தூளைத் திணித்து எடை கூட்டியிருக்கிறார்கள். அந்தத் தூள் சில வெள்ளத்திலேயே கரைந்து வெளியேறி, உருளை சப்பையாகிவிடும்.

மேலே சுற்றிய வலை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அது நார்க்கயிற்று வலையாக இருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் வலை சுற்றிய உருளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திருப்பி அனுப்புங்கள். நார் மட்கிய பிறகும் அந்த வலை பல ஆண்டு கிடக்கும். பாம்பும் பறவையும் மீனும் அதில் சிக்கிச் சாகும். ‘வெயிலில் சிதைந்துவிடும்’ என்ற விற்பனைப் பேச்சும் இங்கே எடுபடாது. செடி வளர்ந்து மூடிய கரையில் வலைக்கு வெயிலே படாது.

எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வெள்ள ஆழத்தை மீட்டரிலும் ஓடையின் சாய்வைப் பின்னத்திலும் எடுத்து, இரண்டையும் 9810ஆல் பெருக்கினால் படுகை மீதான இழுவிசை பாஸ்கலில் கிடைக்கும். ஆழம் 1.5 மீட்டர், சாய்வு ஆயிரத்துக்கு 5 என்றால் சுமார் 74. வெளிவளைவில் விசை கூடும். ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 110. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வு மையம் 2001இல் வெளியிட்ட அட்டவணை, வலையோடு கூடிய தேங்காய் நார் விரிப்புக்கு ஏறத்தாழ 108 பாஸ்கலும் உருளைக்கு 144 முதல் 239 வரையும் தருகிறது. அதாவது நடுத்தர ஓடை ஒன்றின் வெளிவளைவிலேயே விரிப்பு தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. கரையடிக்கு உருளை வேண்டும். வெள்ளம் நாள்கணக்கில் நின்று ஓடும் இடமானால் இந்த எண்களையும் குறைத்தே எடுக்க வேண்டும்.

பொருத்தும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதலில் கரையை 1:2 (ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு கிடைத்தூரம்) அல்லது அதைவிடப் படுத்த சரிவாகச் சீவி, விதையைத் தூவிய பிறகே விரிப்பைப் போட வேண்டும். மேல் விளிம்பை 30 சென்டிமீட்டர் ஆழப் பள்ளத்தில் இறக்கி மண்ணிட்டுத் திமிசு போடுங்கள். அடுத்தடுத்த விரிப்புகள் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். நீர் வரும் பக்கத்து விரிப்பு மேலே, போகும் பக்கத்து விரிப்பு கீழே. இழுத்து விறைப்பாகக் கட்டுவது பலரும் செய்யும் பிழை. விறைத்த விரிப்பு குழிகளின் மேல் பாலம்போல் நிற்கும், அடியில் தண்ணீர் புகுந்து மண்ணைக் கொண்டுபோகும், மேலே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தளர்வாக விட்டு, மண்ணோடு ஒட்டும்படி சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று மரமுளை அடியுங்கள். கரைமண் இளகலாக இருந்தால் முளை 60 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

உருளையைச் சும்மா விளிம்பில் வைத்தால் மிதந்துவிடும். உயரத்தில் பாதியாவது புதையுமாறு பள்ளம் தோண்டிப் பதித்து, இரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு ஒரு முளை அடித்து, முளைத்தலையில் வெட்டிய பள்ளத்தில் கயிறு மாட்டிக் குறுக்காக இறுக்குங்கள். கடைசியாக முளைகளை இன்னும் ஓர் அடி இறக்கினால் கயிறு உருளையைக் கீழே அழுத்தும். அடுத்தடுத்த உருளைகளின் முனைகளைப் புரியால் தைத்துவிட வேண்டும். வரிசையின் இரு கோடிகளையும் ஒரு மீட்டருக்கு மேல் கரைக்குள் திருப்பிப் புதையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பின்பக்கமாகப் புகுந்து உருளையைத் தனியே பிரித்துவிடும். உருளையின் மேல்மட்டம் சாதாரண நாளின் நீர்மட்டத்தை ஒட்டியோ சற்றே மேலோ இருப்பது நல்லது. உயர்ந்துபோனால் நாற்று காயும், தாழ்ந்தால் மூழ்கி அழுகும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பெயர்ந்துபோனால் காரணம் அநேகமாகப் படுகையில் இருக்கும். படுகையே தாழ்ந்துகொண்டு வரும் ஓடையில் எந்தக் கரைப்பொருளும் நிற்காது. உருளைக்கு அடியில் மண் போய் அது அந்தரத்தில் தொங்கும். வாங்குமுன் கீழ்ப்போக்கில் நடந்து பாருங்கள். படிபோலத் தண்ணீர் குதித்து விழும் வெட்டு ஒன்று மேல்நோக்கி நகர்ந்து வருகிறதென்றால், கல்லிட்டோ மரத்தண்டு பதித்தோ முதலில் அதை நிறுத்த வேண்டும்.

எங்களுக்கு இந்தப் பொருள்மேல் மதிப்பு உண்டு. கரை முழுக்க இதை வரிசையாகப் போடும் பழக்கத்தின் மேல்தான் வருத்தம். உள்வளைவில் மணல் சேர்வதும் வெளிவளைவில் கொஞ்சம் அரிப்பதும் ஓடையின் இயல்பு. செங்குத்தான மண்கரையில்தான் மீன்கொத்தி வளைதோண்டிக் கூடு வைக்கிறது. குடைவான கரையடியில்தான் மீன் ஒதுங்குகிறது. சாலையோ கிணறோ வீடோ ஆபத்தில் இல்லாத இடத்தில் அரிப்பை விட்டுவிடலாம். ஆற்றின் வடிவத்தையே மீட்பது வேறு அளவிலான வேலை. 1962 முதல் 1971 வரை நேர்க்கால்வாயாக வெட்டப்பட்ட புளோரிடாவின் கிஸ்ஸிமி ஆற்றை மீட்க, கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரை மண்ணிட்டு மூடிப் பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பினார்கள். 1999இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் 2021இல்தான் முடிந்தது. அத்தகைய வேலையில் நார் உருளை சிறு துணை மட்டுமே.

வாங்கும் சீட்டில் நான்கு விவரங்களை எழுதிக் கேளுங்கள்: விரிப்பின் ஜிஎஸ்எம், உருளையின் காய்ந்த எடை, நார்க்கயிற்று வலை, நார்த்தூள் கலக்காத நிரப்பு. சுமை வந்ததும் தார்ப்பாய் மூடி வையுங்கள். மழையில் நனைந்த உருளையைத் தூக்க இரண்டு பேர் போதாது, எடை பார்த்துச் சோதிக்கவும் முடியாது.