கூட்டாளிக்காகப் பொய் சொல்லலாமா?

கூட்டாளி ஓட்டும் காரில் இருக்கிறீர்கள். 20 மைல் வேகமே போகலாம் என்ற இடத்தில் 35இல் போய் ஒருவரை இடித்துவிடுகிறான். வேறு சாட்சி இல்லை. '20தான்' என்று சொல்வீர்களா? 1951இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஸ்டவ்ஃபரும் டோபியும் கேட்டது இது. பிறகு நாடுகளின் பண்பாட்டு வேறுபாடுகளை ஆராய்ந்த டச்சுக்காரர் ட்ரொம்பெனார்ஸ் இதைப் பல நாடுகளில் கேட்டார்.

சுவிட்சர்லாந்தில் 90 வீதத்துக்கு மேல் பொய் சொல்ல மறுத்தார்கள். வெனிசுவேலாவில் மறுத்தவர்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அடிபட்டவர் செத்துவிட்டால்? சட்டத்தைப் பிடிப்பவர் இன்னும் இறுக்கமாகிறார். உறவைப் பிடிப்பவரோ, 'இப்பதானே அவனுக்கு நான் வேணும்' என்கிறார். எனக்கு வியப்புத் தந்தது இந்த இடம்தான்.

திருகோணமலை உப்புவெளியில் தேத்தண்ணிக் கடையொன்றில் இதைப் போட்டுப் பார்த்தேன். "அவன் என்ட கூட்டாளி மச்சான், விடேலுமா?" என்றான் ஒருவன். கடைக்கார ஐயா கோப்பையைக் கழுவியபடி, "அடிபட்டது ஆர்ட பிள்ளை?" என்றார்.

கேள்வித்தாளில் அடிபட்டவருக்குப் பெயரில்லை. திருகோணமலையில் அவர் நிலாவெளி மாமியின் மருமகனாக இருப்பார். உறவு இரண்டு பக்கமும் இழுக்கும். நான் உண்மையின் பக்கம். ஆனால் ஓட்டியது என் தம்பி என்றால்... தேத்தண்ணி ஆறிவிட்டது.