பில்லை மறைக்காத ஹெல்ப் விண்டோ: சில மாம்பழ சீசன்களின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணக்கு என் பொறுப்பு. கொள்முதல் சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறினால் மற்றதெல்லாம் பழகிவிடும். எஃப்1 அழுத்தினால் திறக்கிற ஹெல்ப் விண்டோதான் ஜூன் மாதத்தில் உயிரை வாங்கும்.

பழைய வெர்ஷனில் ஹெல்ப் வந்தது .எச்எல்பி என்ற பழைய விண்டோஸ் ஹெல்ப் கோப்பாக. அடிக்கோடிட்ட பச்சை எழுத்தைத் தட்டினால் சின்ன பாப்அப் வரும், வேறெங்காவது தட்டினால் போய்விடும். கழிவு சதவீதத்தை மொத்த எடையில் போடுவதா, காலி வண்டி எடையைக் கழித்த பிறகா? இரண்டு வரி பதில் போதும். பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டெம்போக்கள் வரிசையில் நிற்க, "அண்ணா, சீட்டு போட்டாச்சா?" என்று டிரைவர் எட்டிப் பார்க்கும்போது அதற்கு மேல் யார் படிப்பது? விஸ்டா வெர்ஷனிலிருந்து, அந்தக் கோப்பைத் திறக்கும் ஹெல்ப் புரோகிராமை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தருவதில்லை. எனக்கு வருத்தம்தான்.

அடுத்து வந்தது .சிஎச்எம், 1997-ல் அறிமுகமான எச்டிஎம்எல் ஹெல்ப். மேலே பட்டன்கள், இடப்பக்கம் பொருளடக்கம், இன்டெக்ஸ், தேடல், வலப்பக்கம் விளக்கம். ஆற அமரப் படிக்க அருமை. சீசன் ஓய்ந்ததும் ஜிஎஸ்டி பகுதி முழுவதையும் அதில்தான் படித்தேன். பில் போடும் நேரத்தில் மட்டும் மூன்று பகுதியும் சேர்ந்து திரையை அடைத்துக்கொள்ளும். இடப்பக்கத்தை மூடியபடியே திறக்க வைக்க அந்த வடிவத்திலேயே வசதி உண்டு. செய்தவர்கள் அதைத் தொடவில்லை. இன்னொன்று: கோப்பை சர்வரில் வைத்தால் பொருளடக்கம் தெரியும், விளக்கம் வராது. 2005 பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் காப்பி வைத்தோம்.

இப்போது ஹெல்ப் பிரவுசர் டேப்பில் திறக்கிறது. ஒரு படி படித்து, பில்லுக்குத் திரும்பி, அடுத்த படிக்கு மறுபடி டேப் தேடி... நெட் இல்லையென்றால் அதுவும் கிடையாது.

என் கணக்கில் ஹெல்ப் இப்படி இருக்க வேண்டும்: ஃபார்மில் ஒரு கட்டத்தின் பொருள் கேட்டால் பாப்அப். வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைக்கு, ஃபார்ம் பக்கத்திலேயே நிற்கும் ஒடுக்கமான விண்டோ, பொருளடக்கம் இல்லாமல். முழு மூன்று பகுதி விண்டோ மெனுவிலிருந்து மட்டும் திறக்கட்டும். இழுத்து வைத்த இடத்தையும் அகலத்தையும் ஹெல்ப் விண்டோ மறக்கக் கூடாது. தினமும் காலையில் அதை ஓரம் கட்டுவதே ஒரு வேலையாக இருக்கிறது.